வலைக்கு மேலால் போன தூண்டில்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை. மூன்று வருடமாக றொட், ரீல் வைத்து கல்லாற்று முகத்துவாரப் பக்கம் பின்னேரங்களில் மீன் பிடிக்கிறேன். விற்பதற்கு இல்லை, ஆசைக்குத்தான். புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள், நான் நின்று வீசிக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னால், முப்பது முப்பத்தைந்து மீற்றர் தள்ளி, வயதான ஒருவர் தோணியில் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் வலையை இறக்கினார். நான் தொடர்ந்து வீசினேன். பெரிய கொடுவா ஒன்று அடித்தது. ஓடிப்போய் வலையில் சுற்றிக்கொண்டது. விட மனமில்லாமல் இழுத்தேன். வலை கிழிந்தது, மீனும் போனது. அவர் சத்தம் போட்டார். நான் நூலை வெட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை போனால், கல்முனைப் பக்கமிருந்து வந்த நாலு பேர் என் இடத்தில் நிற்கிறார்கள். ஓரமாக நின்று வீசினேன். அதில் ஒருவர் என் நூலுக்குக் குறுக்கே வீசினார். முதலில் நின்றவன் நான்தானே, வலை கிழிந்தது யார் பிழை? தண்ணீரில் இடம் யாருக்குச் சொந்தம்? இதற்கு எழுதிய சட்டம் உண்டா? இந்தக் காலத்தில் பெரிய கொடுவாவைத் திருப்பி விட வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. இரண்டாம் தரம் வாசிக்கையில் ஒரு வசனத்தில் நின்றுவிட்டேன்: ‘நூலை வெட்டிவிட்டு வந்துவிட்டேன்.’ அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதலில் நின்றீர்கள். பின்னால் வந்தவர், தொழில்காரராக இருந்தாலும், ‘தம்பி, இதால வலை விடப்போறன்’ என்று குரல் கொடுத்திருக்க வேண்டும். நான் 31 வருடம் கடற்றொழில் பரிசோதகராக இந்த மட்டக்களப்பு வாவியைச் சுற்றியவன். வெருகல் பக்கமிருந்து பொத்துவில் வரை எந்தத் துறையிலும் அது வழக்கம்தான். ஒருவர் வலை விட்டிருக்கும் இடத்துக்குக் கிட்டப் போகும் இன்னொருவர், இருட்டாக இருந்தாலும், ஒரு கூவலாவது போடுவார். அவர் போடவில்லை. அது அவர் பக்கத்துக் குறை.

ஆனால் அந்தக் குறையோடு அவர் கணக்கு முடிந்தது. வலை தண்ணீரில் இறங்கிய நிமிடத்திலிருந்து நிலைமை வேறு. உங்கள் தூண்டிலை அரை நிமிடத்தில் சுற்றி எடுத்து, பத்துப் பாகம் (பாகம் என்றால் விரித்த இரு கை நீளம்) தள்ளி நின்று திரும்ப வீசலாம். இறக்கிய வலையை அப்படித் தூக்க முடியாது. தூக்கினால் அன்றைய பின்னேரமே அவருக்கு இல்லை. அசையக்கூடியவன் அசையாததற்கு வழி விடுவதுதான் தண்ணீரில் முறை. நீங்கள் மிதப்பு வரிசையைப் பார்த்தீர்கள், பார்த்தும் அதற்கு அப்பால் வீசினீர்கள். கொடுவா அடித்தால் எங்கே ஓடும் என்று மூன்று வருடமாகத் தூண்டில் போடும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது எங்கே கம்பு, எங்கே வேர், எங்கே கல் என்று தேடித்தான் ஓடும். அன்றைக்கு அதற்குக் கிடைத்தது வலை. ஆகவே கிழிந்தது உங்கள் பிழைதான்.

அவர் ஏன் அவ்வளவு அகன்ற வாவியில் உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து வலை விட்டார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்திருக்கும். மட்டக்களப்பு வாவி நீளத்தில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். வரைபடத்தில் பார்த்தால் ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் காணாமல் மீன் பிடிக்கலாம் போல இருக்கும். புரட்டாதியில் வந்து பாருங்கள். சித்திரைக்குப் பிறகு இந்தப் பக்கம் பெரிய மழை இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்து வாவியைக் காய வைத்துவிடும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தில் மாடு நடந்து போகும் அளவுக்குத் தண்ணீர் பின்வாங்கிவிடும். ஆறுகளில் வரத்து இல்லாததால் முகத்துவாரத்தில் தள்ளுவதற்கு ஆளில்லை. கடல் கொண்டுவந்து போடும் மண் போட்ட இடத்திலேயே இருந்து, மணல் திட்டி உயர்ந்து, வாய் ஒடுங்கும், சில வருடம் முழுக்க மூடும். மிஞ்சுவது நடுவில் ஓடும் ஆழமான பள்ளமும், பாலங்களின் கீழே உள்ள மடுக்களும்தான். மீன் எல்லாம் அதற்குள். மீன் போன இடத்துக்கு வலை போகும், தோணி போகும், உங்கள் றொட்டும் போகும். தை மாசியில் ஒரு மைலுக்குள் பரந்து நிற்கிறவர்கள் எல்லாரும் புரட்டாதி ஐப்பசியில் ஒரு பாலத்தடியில் தோளோடு தோள் முட்டுகிறார்கள். சண்டைகள் இந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம் வரும். என்னிடம் வந்த முறைப்பாடுகளிலும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. முதல் மழை விழப்போகிறது என்பது உங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இறாலுக்கும் கொடுவாவுக்கும் தெரியும். வாவியில் வளர்ந்த இறால் நன்னீர் இறங்கியதும் கூட்டமாகக் கடலுக்குப் புறப்படும், அநேகமாக இரவில், வெளியே இழுக்கும் நீரோட்டத்தோடு. கொடுவா வாயடியில் காத்து நிற்கும். அதற்குப் பின்னால் நீங்கள் காத்து நிற்கிறீர்கள். உங்களுக்கு அது வருடத்தின் நல்ல பின்னேரங்கள். அந்த மனிதருக்கு, வாடை கிளம்பி வாவி கலங்கித் தோணியைக் கரையேற்றும் முன், கையில் நாலு காசு சேர்க்கும் கடைசி நாட்கள். மார்கழியில் அடை மழை பிடித்தால் பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்து தொழில் இல்லாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரே தண்ணீரில் நின்றாலும் இருவருக்கும் அந்தப் பின்னேரத்தின் விலை ஒன்றல்ல.

சரி, இப்போது ‘நூலை வெட்டிவிட்டு வந்துவிட்டேன்’ என்ற அந்த வசனம்.

இதை நான் மேலிருந்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இரவு ரோந்துக்குப் போன இயந்திரப் படகில் நான் முன்னால் இருந்தேன். மிதப்பாகக் கட்டியிருந்த வெறும் பிளாஸ்டிக் போத்தல்கள் டோச் வெளிச்சத்தில் பளிச்சிட்டன. அவசரத்தில், வலைக்கு மேலால் தாண்டிவிடலாம் என்று ஓட்டுகிறவருக்குச் சொன்னேன். காற்றாடியில் வலை சுற்றியது. என்ஜின் நின்றது. கத்தியால் அறுத்தெடுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று வந்துவிட்டோம். அடுத்த நாள் காலை ஒருவர் அந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. ‘தொரமாரே, இத ஒருக்காப் பாருங்க’ என்று மட்டும் சொல்லி, வேப்பமரத்தடியில் வலையை விரித்துவிட்டு இருந்தார்.

நானும் பக்கத்தில் போய் இருந்தேன். இருக்கத்தான் முடிந்தது. அன்றைக்குத்தான் ஒரு வலை கிழிந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தேன். கிழிந்த இடத்தை அப்படியே சேர்த்துத் தைக்க முடியாது, துணி இல்லையே. முதலில் கிழிசலைச் சுற்றியுள்ள கண்களை இன்னும் வெட்டிப் பெரிதாக்க வேண்டும். நல்ல முடிச்சு கிடைக்கும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நான் கையளவு என்று நினைத்த ஓட்டை வெட்டி முடிக்கும்போது ஒரு ஆள் புகுந்து போகும் அளவாகிவிட்டது. பிறகு வலை ஊசியில் நூலைச் சுற்றி, மூங்கில் தகட்டை அளவாக வைத்து, ஒரு கண், அடுத்த கண், அதற்கு அடுத்த கண். ஒவ்வொரு முடிச்சையும் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து இறுக்குவார். ஒரு கண் சிறுத்தாலும் பெருத்தாலும் வலை தண்ணீரில் ஒரு பக்கம் இழுத்து நிற்கும், மீன் அந்தச் சுருக்கத்தைக் கண்டு விலகும். மத்தியானம் வரை பொத்தினார். நான் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். கடைசியில் நூல் காசு கொடுத்தபோது அதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வாய் வரவில்லை. பிறகு எட்டு வருடம் அவர் எனக்குச் சொல்லாத இடம் இந்த வாவியில் இல்லை.

ஆகவே தம்பி, போங்கள். போய் அந்தக் கிழிசலைப் பாருங்கள். அந்தத் துறையில் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். கல்லாறு பெரிய ஊர் இல்லை. வெறும் கையோடு போகாதீர்கள், ஆனால் முதல் நாளே காசை நீட்டவும் வேண்டாம். அது வாயை அடைக்கக் கொடுப்பது போல் ஆகிவிடும். ‘மாமா, அண்டைக்கு நான் பிழைவிட்டுட்டன், வலை எவ்வளவு போச்சு?’ என்று கேளுங்கள். அவர் ஏசினால் ஏசட்டும், அது வலைக்காகத்தான். ஏசி முடித்தபிறகு என்ன நூல், என்ன பருமன் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். பொத்துவதற்கு ஒரு பொழுது போகும் என்பதால் அந்தப் பொழுதுக்கும் ஏதாவது சேருங்கள். நீங்கள் முதலில் நின்ற கதையை அன்றைக்கு எடுக்க வேண்டாம். இன்னொரு நாள், இரண்டு பேரும் பாலத்தடியில் சும்மா நிற்கும்போது, ‘மாமா, இனி வலை விடக்குள்ள ஒரு கூவல் போடுங்க, நான் சுத்தி எடுத்திடுறன்’ என்று சொன்னால் போதும். அதை அவர் ஏற்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இதை முறைப்பாடாக எங்கும் கொண்டுபோகலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மீனவர் சங்கத்துக்கு இது போனால் நீங்கள் வெளியாள், அவர் உறுப்பினர். பொலிசுக்குப் போனால் இருவருக்கும் ஒரு கிழமை வீண். அப்புறம், அவருடையது நூல் வலையா, ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையா என்று நீங்கள் எழுதவில்லை. தங்கூசி வலை 2006 முதல் நாட்டில் தடை. ஒருவேளை அதுவாக இருந்தாலும் அதைச் சாட்டாக வைத்து நீங்கள் தப்பப் பார்க்க வேண்டாம். அது அவருக்கும் அதிகாரிக்கும் இடையிலான கணக்கு. கிழித்தது உங்கள் கணக்கு.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் இருக்கிறது. டைனமைட் கூடாது, நஞ்சு கலக்கக் கூடாது, அனுமதிப்பத்திரம், தடை செய்த வலைகள் என்று அதிலும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளிலும் நிறைய உண்டு. இரண்டு தூண்டில்காரர் எத்தனை முழம் தள்ளி நிற்க வேண்டும் என்பது எந்த வர்த்தமானியிலும் வராது. அந்த மாதிரி விஷயங்களைத் தொழில்காரர் தாங்களே தீர்த்து வைத்திருக்கிறார்கள். கரைவலைக்குப் பாடு உண்டு: யார் வலை எந்தக் கரையில், யார் முதல், யார் பிறகு என்று. நீர்கொழும்புக் களப்பில், கம்பு நட்டு வலை கட்டும் கட்டுவலைக்காரர் சீட்டுப் போட்டு இடம் மாற்றிக்கொள்வது பல தலைமுறைப் பழக்கம். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது என்றுதான் அது. றொட் பிடிக்கிறவர்களுக்கு அப்படி ஒன்றும் இங்கே இன்னும் உருவாகவில்லை. இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த கூட்டம்தானே.

அதனால் ‘என் இடம்’ என்று நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று வருடம் நின்றதால் பாலத்தடி உங்கள் பேரில் எழுதப்படாது. உங்களுக்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எத்தனையோ பேர். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நின்று மீன் பிடிக்க ஆளில்லாமல் போன துறைகளும் இருக்கின்றன. நாவலடியில் அப்பனும் மகனும் நின்ற இடம் என்று எனக்குக் காட்டிய இடத்தில் இப்போது மணல்தான். அன்றைய பின்னேரம் முதலில் வந்து நின்றவருக்கு அந்தப் பின்னேரம் உரிமை. அவ்வளவுதான். அந்த நாலு பேரும் உங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள், ஆகவே அன்றைக்கு அது அவர்கள் இடம். உங்களுக்குக் குறுக்கே வீசியது மட்டும் அவர்கள் பிழை.

குறுக்கே வீசுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேருக்கு அது பிழை என்றே தெரியாது. ஓடும் தண்ணீரில் நூல் விழுந்த இடத்தில் இருப்பதில்லை. நேராக வீசினாலும் நீரோட்டம் அதை ஒரு வில்லுப் போல இழுத்துக்கொண்டு போகும். மேற்பக்கம் நிற்பவர் நேராக வீசினால், சுற்றி எடுப்பதற்குள் அவர் நூல் கீழ்ப்பக்கம் நிற்பவரின் தண்ணீருக்குள் வந்துவிடும். ஆகவே மேற்பக்கத்துக்காரர் இன்னும் மேலே சாய்த்து வீச வேண்டும், கீழ்ப்பக்கத்துக்காரர் கொஞ்சம் கீழே. ஈயம் போட்டு அடியில் விட்டிருப்பவருக்குப் பக்கத்தில் லூர் என்ற போலி இரை வீசுபவர் நிற்காமல் இருப்பது நல்லது. ஒருவர் ஐந்து நிமிடம் அசையமாட்டார், மற்றவர் நிமிடத்துக்கு இரண்டு தரம் வீசுவார். இரண்டும் ஒரே தண்ணீரில் சேராது. சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு நில்லுங்கள். எங்கள் பக்கம் ‘அண்ணே’, சாய்ந்தமருது நிந்தவூர்க்காரர் என்றால் ‘காக்கா’. ‘காக்கா, இதால நிண்டா உங்களுக்கு இடஞ்சலா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவரை நான் கண்டதில்லை. கேட்காமல் நின்றவரோடு சண்டை பிடித்தவர் பலரைக் கண்டிருக்கிறேன்.

பக்கத்திலிருப்பவருக்கு மீன் அடித்தால் உங்கள் நூலைச் சுற்றி எடுத்துவிடுங்கள். அது பெரிய மீனோ சின்ன மீனோ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கொடுவா ஒரு பாய்ச்சலில் நாலு பேர் நூலையும் கட்டிப்போடும். நீங்கள் பாவிப்பது பிரெய்ட் எனும் பின்னல் நூல் என்றால் இன்னும் கவனம். அது தலைமயிர் தடிப்பில் இருந்தாலும் இறுகி ஓடும்போது கத்தி. விரல் சதையை அறுத்திருக்கிறது, உங்கள் கதையில் வலையையும் அறுத்தது. வெட்டியெறிந்த துண்டு வாவியில் உக்காமல் கிடக்கும். நாணலுக்குள் அது சுற்றிக் கால் வெட்டுப்பட்ட கொக்கை நான் பார்த்திருக்கிறேன். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தலையில் கட்டும் லைட் இன்னொரு தொல்லை. முடிச்சுப் போடும்போது கொளுத்துங்கள், தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல். யாராவது கூப்பிட்டால் அதோடு நிமிர்ந்து பார்க்காதீர்கள், அவர் கண்ணுக்குள் அடித்து, அவர் அடுத்த பத்து நிமிடம் குருடு. தோணியில் நிற்கிறவர் என்றால் விழுந்தும் விடுவார்.

அந்த நாலு பேரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வலைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்தது போலவே. அவர்களுக்கு இந்த ஓட்டம் தெரியாது. கல்முனைப் பக்கத்துக் கடற்கரையில் அலைக்குள் நேராக வீசிப் பழகியவர்களாக இருக்கலாம். அங்கே எல்லாரும் வரிசையாக நின்று நேரே வீசுவார்கள், நூல் மாட்டுவது குறைவு. ‘காக்கா, இதில ஓட்டம் கீழால இழுக்குது, கொஞ்சம் மேலால வீசினா நல்லம்’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஒருவேளை அவர்கள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலிலும் உங்களுக்கு ஒரு பங்கு கிடைத்திருக்கும்.

இனிக் கொடுவா. உங்கள் நண்பர் சொன்னது சரி. ஏன் என்று அவர் விளக்கியிருக்க மாட்டார். கொடுவா பிறக்கும்போது இருப்பது போல் சாகும்போது இருப்பதில்லை. முதலில் ஆணாகப் பருவமடையும். சில வருடம் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாக எல்லாம் தாய் மீன்தான். அது நன்னீரிலும் வாவியிலும் வளர்ந்தாலும் முட்டையிடுவதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், அதற்காகத்தான் முகத்துவாரத்தடிக்கு இறங்குகிறது. ஒரு பெரிய தாய் மீன் பல மில்லியன் முட்டை இடும். நீங்கள் இந்த மாதங்களில் வாயடியில் நின்று பிடிக்கும் பெரிய மீன் அந்தப் பயணத்தில் இருக்கும் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சுகள் மழையோடு வாவிக்குள் ஏறி, வயல் வாய்க்கால், வில்லு எனும் தாழ்ந்த நீர்நிலை என்று பரவும்.

வலைக்காரரிடம் போய் ‘மாமா, பெரிய மீனை விடுங்க’ என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். அது அவர் வீட்டு அரிசி. உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. எண்பது சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். சட்டம் இல்லை, அபிப்பிராயம்தான். சாப்பிடுவதற்கு அதற்குக் கீழே உள்ளதே ருசி. பெரிய கொடுவாவின் சதை சக்கையாக இருக்கும், என் மனைவி அதைக் குழம்புக்கு எடுக்கவே மாட்டாள்.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். விட்டேன் என்று நிழற்படம் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் வயிறு மேலே மிதக்கும் மீனைப் பிறகு யாரும் படமெடுப்பதில்லை. இந்தக் காலத்துத் தண்ணீர் சூடு, ஆழமில்லை, அதில் காற்று குறைவு. அரை மணித்தியாலம் விளையாடி இழுத்த மீன் கையிலிருந்து போனாலும் தப்பாது. மெல்லிய நூலில் பெரிய மீனை இழுத்து வீரம் காட்டாமல், தடித்த நூல் போட்டுக் கெதியாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கொக்கியின் உள்பக்கத்து எதிர்முள்ளைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி வைத்தால் கழற்றுவது ஒரு நொடி. மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் கை நனைத்து, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. செவுள் மூடியின் ஓரத்தில் கை வைக்காதீர்கள். அது சவர அலகு. எனக்கு இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, அதற்கு மூன்று தையல். பிறகு மூக்கை ஓட்டத்தின் பக்கம் பிடித்து, அதுவாக வாலை உதறும் வரை பொறுங்கள். சில நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டாம், குறிப்பாகப் பொழுதுபட்டபின். இந்த வாவியில் முதலை இருப்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது, நீங்கள் கேட்காதது. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி, வாவி ஏறி, வயல்களுக்குள் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் முகத்துவாரத்தை வெட்டுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் வலைக்காரருக்கும் வருடா வருடம் இழுபறி. ஒருவர் இன்றைக்கே என்பார், மற்றவர் இறால் நிற்கட்டும் என்பார். அதற்குள் நாம் போக வேண்டாம். வெட்டிய அன்றைக்கு வேடிக்கை பார்க்கவும் வீசவும் ஊரே திரளும். முதலில் கால்வாய் அளவில் ஓடும் தண்ணீர் சில மணித்தியாலத்தில் ஆறாகிவிடும். திட்டியின் ஓரம் அடியில் அரிபட்டு, மேலே நிற்பவரோடு சேர்த்துச் சரியும். நிலம் உறுதியாகத்தான் தெரியும், அதுதான் மோசம். அந்த ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு தென்னை நீளம் பின்னால் நில்லுங்கள், அந்த நாலு பேரையும் பின்னால் கூப்பிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கூட்டமாக அடித்துக்கொண்டு வரும். தூண்டிலுக்கு அதில் வேலையில்லை. தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்திலிருந்து கொஞ்சம் தெளிந்து, பச்சை காட்டத் தொடங்கியதும் வாருங்கள்.

வலைக்காரரிடம் போவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி நடுவுக்குள் போய்விடுங்கள். மழை பிடித்துவிட்டால் தோணி கரையேறிவிடும், அவரும் வயல் வேலைக்கோ மகள் வீட்டுக்கோ போய்விடுவார். தை பிறக்கும் வரை ஆளைப் பிடிக்க முடியாது. காலையில் போங்கள், எட்டு மணிக்கு முன்னால். வலை காயப்போட்டு ஆள் பக்கத்தில் இருக்கிற நேரம் அதுதான்.